சிலந்தியை வேட்டையாடும் குளவிகளும் நம் தோட்டப்புறமும்

நெகிரி செம்பிலானில் பழைய லயத்து வீடு ஒன்று இன்னும் இடிபடாமல் நிற்கிறது என்றால், அதில் எங்காவது ஒரு மண்கூடு ஒட்டியிருக்கும். கதவு நிலையில் இருக்கும், சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், விறகுக் கொட்டகையின் உத்தரத்தில் இருக்கும். ரந்தாவ், லாபு, பகாவ், கெமாஸ் என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவரும் அதைப் பார்த்திருப்பார். குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கை கப்பலேறி வந்த முன்னோர்களோடு இங்கே வந்தது. அதனால் பெரியவர்கள் கூட்டைத் தட்டவிடமாட்டார்கள். பழைய கூட்டின் மண்ணைக் குழைத்து வீக்கத்தில் பூசுவதும் உண்டு. மலாய்க்காரர்கள் இந்தக் குளவியை ‘அங்குட்-அங்குட்’ என்பார்கள், எப்போதும் எதையாவது சுமந்துகொண்டே பறக்கிறது என்பதால். அது சுமப்பது இரண்டு பொருள்கள்: ஒன்று சேறு, மற்றொன்று சிலந்தி.

சிலந்தி விவசாயிக்கு வேண்டியது என்பதில் இன்று சந்தேகம் இல்லை. உலகிலுள்ள சிலந்திகள் எல்லாம் சேர்ந்து ஆண்டொன்றுக்கு 40 கோடி முதல் 80 கோடி டன் வரை பூச்சி முதலிய இரையைத் தின்கின்றன என்று மார்ட்டின் நைஃபலரும் கிளாவுஸ் பிர்க்ஹோஃபரும் 2017இல் கணக்கிட்டார்கள். அப்படியானால் அந்தச் சிலந்தியைக் கொல்லும் குளவி தோட்டத்துக்குப் பகையா? செம்பனைக் காட்டில் மருந்து அடித்தவர்களும், பால்மரக் காட்டில் விடியுமுன் சிலந்தி வலை முகத்தில் ஒட்ட நடந்தவர்களும் கேட்கத்தக்க கேள்வி இது. பகையில்லை என்பதே என் முடிவு. அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன் இந்தக் குளவிகள் எப்படி வாழ்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் குளவி என்ற ஒரே பெயருக்குள் நாம் பல வகையான வாழ்க்கைகளை அடைத்து வைத்திருக்கிறோம்.

மண்கூடு கட்டுவது பெரும்பாலும் ஸ்கெலிஃப்ரான் என்ற இனம். கறுப்பு உடலில் மஞ்சள் பட்டை, நூல்போல் மெலிந்து நீண்ட இடுப்பு. இதற்கு ராணியும் இல்லை, வேலைக்காரக் கூட்டமும் இல்லை. ஒரு பெண் குளவி தனியாகவே எல்லா வேலையும் செய்யும். பொதுக்குழாயடி, கால்வாய் ஓரம், மாட்டுத் தொழுவத்தின் ஈரத்தரை ஆகிய இடங்களில் சேற்றைத் தாடையால் உருட்டி எடுத்துக்கொண்டு போகும். சுவரில் அப்பும்போது உடலை அதிரவைத்து ரீங்காரத்தோடு மண்ணை இழைக்கும். கட்டைவிரல் கணு அளவில் ஓர் அறை முடிந்ததும் சேற்றுவேலையை நிறுத்திவிட்டு வேட்டைக்குப் போகும். வலையில் தொங்கும் சிலந்தி, இலைமேல் தாவும் சிலந்தி, பூவில் பதுங்கியிருக்கும் நண்டுச் சிலந்தி என்று அறைக்குள் அடங்கக்கூடிய அளவில் பார்த்துப் பிடிக்கும். ஒரு கொட்டில் சிலந்தியின் கைகால் அசைவு நின்றுவிடும். இப்படிப் பத்து, பதினைந்து சிலந்திகளை அறைக்குள் திணித்து, அவற்றில் ஒன்றின்மேல் ஒரே ஒரு முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசி மூடும். அடுத்த அறையைப் பக்கத்திலேயே தொடங்கும். கடைசியில் எல்லா அறைகளுக்கும் மேலே ஒரு பூச்சு.

மூடிய அறையை உடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருக்கும் சிலந்திகள் செத்தவை போலக் கிடந்தாலும் அழுகியிருக்காது. சிலவற்றின் கால் லேசாகத் துடிக்கும். செத்த உடலை வைத்தால் நம் ஊர் வெக்கையில் இரண்டு நாளில் கெட்டுவிடும். உயிரோடு அசைவை மட்டும் நிறுத்தி வைத்தால், முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு நாள்தோறும் புதிய உணவு. புழு சிலந்திகளை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்து, அங்கேயே பட்டுக்கூடு பின்னி உருமாறி, சில வாரங்களில் மண்ணை வட்டமாகத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளியே வரும். கூட்டில் வட்டத் துளை தெரிந்தால் பிள்ளை வெளியேறிவிட்டது என்று பொருள்.

இந்த இனக் குளவிகளில் ஒன்றுக்கு அறிவியல் வைத்த பெயர் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம். 1781இல் டென்மார்க் அறிஞர் ஃபப்ரீசியஸ் அதை விவரித்தார். நம் முன்னோர் கப்பலேறிய கரையின் பெயரையே சுமந்துகொண்டிருக்கும் இந்தக் குளவி தென்கிழக்காசியாவிலும் வாழ்கிறது. இதற்கு உறவான நீலக் குளவி சாலிபியான் பெங்கலென்ஸ். அது சொந்தமாகக் கூடு எழுப்பாமல், பழைய மண்கூட்டையும் மூங்கில் துளையையும் ஆணி பிடுங்கிய ஓட்டையையும் செப்பனிட்டுக்கொண்டு அதில் சிலந்தியைச் சேர்க்கும். அமெரிக்காவிலுள்ள இதன் பங்காளி, நச்சுக்குப் பேர்போன கருங்கைம்பெண் சிலந்தியைத் தேடிப்பிடிப்பதில் பெயர் பெற்றது. டிரைபாக்ஸிலான், பைசான் ஆகியவை இன்னும் சிறியவை. நாதாங்கித் துளைக்குள் மண் அடைத்துவைப்பது பெரும்பாலும் இவற்றின் வேலை.

ஓட்டை கண்ட இடமெல்லாம் மண் அடைக்கும் இந்தப் பழக்கம் ஒருமுறை பெரும் துயரத்தோடு சேர்த்துப் பேசப்பட்டது. 1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசில் பிர்கன்ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். பல நாள் மூடி போடாமல் நின்ற விமானத்தின் வேகமறியும் குழாயில் மண்குளவி கூடு கட்டியிருக்கக்கூடும் என்பதே விசாரணையில் வலுத்த கருத்து.

இரண்டாவது கூட்டம் பாம்பிலிடே என்ற குடும்பம். உலகம் முழுவதும் ஏறக்குறைய 5,000 வகைகள். சிலந்தியைத் தவிர வேறெதையும் இவை பிள்ளைக்கு ஊட்டுவதில்லை. ஒரு முட்டைக்கு ஒரே சிலந்திதான், அதனால் அது பெரியதாக இருக்க வேண்டும். லயத்துச் சிமெண்டுத் தரையில், கருநீலக் குளவி ஒன்று தன்னைவிடப் பெரிய சிலந்தியைக் கவ்விக்கொண்டு பின்னோக்கி நடப்பதைச் சிறுவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்களே, அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. வீட்டுச் சுவரில் கரப்பான் பிடித்துத் தின்னும் அகன்ற கால் சிலந்தியும் இவற்றுக்கு இரை, மண்வளையில் வாழும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தியும் இரை. அமெரிக்கக் கண்டங்களில் பெப்சிஸ் என்றும் நம் பக்கத்தில் ஹெமிபெப்சிஸ் என்றும் வழங்கும் பெரிய குளவிகள் அந்தப் பெருஞ்சிலந்தியை வளைக்குள்ளேயே போய்ச் சந்திக்கும். பூச்சிக் கொட்டுகளின் வலியை 1 முதல் 4 வரை தரம் பிரித்த அமெரிக்கர் ஜஸ்டின் ஷ்மிட், பெப்சிஸுக்கு 4 கொடுத்தார். அந்த வலி சுமார் 5 நிமிடம்தான் நிற்கும் என்பதையும் அவரே குறித்திருக்கிறார்.

சுமை பெரிதானால் தூக்குவது எப்படி? ஆப்லோபஸ் என்ற சிறு குளவி சிலந்தியின் கால்களை அடியோடு கடித்துத் துண்டித்துவிட்டு உடலை மட்டும் கொண்டுபோகும். அது தன் கூட்டைச் சிறு மண்பீப்பாய்களாக வரிசை வைத்துக் கட்டும். சீனத்தின் தென்கிழக்குக் காடுகளில் மிகைல் ஸ்டாபும் கூட்டாளிகளும் 2014இல் அறிவித்த ஒரு குளவி, கூட்டின் வாசல் அறையில் செத்த எறும்புகளைக் குவித்து வைக்கிறது. எறும்பு வாடைக்கு அஞ்சிப் பகைகள் நெருங்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது என்று அவர்கள் கருதினார்கள்.

மூன்றாவது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் உடல் சிலிர்க்கிறது. இக்நியூமன் குடும்பத்தின் ஒரு கிளைக் குளவிகள் சிலந்தியைத் தூக்கிப்போவதில்லை. சற்று நேரம் மட்டும் மயக்கி, வயிற்றின் மேல்புறத்தில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். மயக்கம் தெளிந்த சிலந்தி வழக்கம்போல் வலை பின்னும், இரை பிடிக்கும், உண்ணும். முட்டையிலிருந்து வந்த புழு அதன் முதுகில் சவாரி செய்தபடி, தோலில் சிறு துளையிட்டு உடல்நீரை உறிஞ்சி வளரும். சிலந்தியால் அதை உதறவும் முடியாது, எட்டிப் பிடிக்கவும் முடியாது.

கொஸ்டாரிக்கா நாட்டின் செம்பனைத் தோட்டங்களில் இத்தகைய ஒரு குளவியை ஆராய்ந்த வில்லியம் எபர்ஹார்ட், கடைசி இரவில் நடப்பதை 2000ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அன்று இரவு சிலந்தி தன் வழக்கமான வட்ட வலையைப் பின்னவில்லை. வலை பின்னும் வேலையின் தொடக்க அடிகளை மட்டும் திரும்பத் திரும்பச் செய்து, சில வலுவான இழைகள் மட்டும் கொண்ட ஒரு தொங்கலைக் கட்டியது. இரை பிடிக்க அந்த வலை உதவாது. புழுவின் பட்டுக்கூடு மழைக்கும் காற்றுக்கும் அறுந்து விழாமல் தொங்கவே அது உதவும். வேலை முடிந்ததும் புழு சிலந்தியைக் கொன்று, உறிஞ்சித் தீர்த்து, எஞ்சிய தோலைக் கீழே தள்ளிவிட்டு அந்த இழைகளில் தன் கூட்டைத் தொங்கவிட்டது. எபர்ஹார்ட் உரிய வேளையில் புழுவை எடுத்துவிட்டும் பார்த்தார். புழு போன பிறகும் சிலந்தி அதே தொங்கலைக் கட்டியது. ஆகவே, புழு தொட்டுத் தொட்டு ஏவவில்லை, எதையோ உடலுக்குள் செலுத்தியிருக்கிறது.

அது எது என்ற தேடலுக்கு ஜப்பானிலிருந்து ஒரு துப்பு கிடைத்தது. தகாசுகா கெய்சோவும் உடன் ஆய்ந்தவர்களும் 2015இல் காட்டியபடி, அங்கே குளவிப்புழு தாங்கிய சிலந்தி கடைசியாகக் கட்டும் வலை, அது தோலுரிக்கும் முன் ஓய்வெடுக்கக் கட்டும் வலையை ஒத்திருக்கிறது. இழைகள் மட்டும் இன்னும் உறுதியானவை. பறவைகளும் பெரிய பூச்சிகளும் மோதாமல் விலக உதவும் புறஊதா ஒளிப் பட்டைகளும் அதில் உண்டு. பிரேசிலில் 2017இல் வெளிவந்த ஆய்வு, அப்படிப்பட்ட சிலந்திகளின் உடலில் தோலுரிப்பைத் தூண்டும் இயக்குநீர் மிகுந்திருப்பதைக் கண்டது. சிலந்திக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வேலையை, தவறான காலத்தில், தன் நன்மைக்காகப் புழு செய்யவைக்கிறது என்பதே இன்று பொருந்திவரும் விளக்கம். எக்குவடோரில் கூட்டமாக வாழும் சிலந்திகளில், புழு ஒட்டியவை கூட்டத்தை விட்டுத் தனியே போய் மூடிய வலை கட்டுவதாக 2018இல் மற்றொரு குழு அறிவித்தது. அந்தப் புழுவின் மூளை மிகச் சிறியது. ஆனாலும் வேறோர் உயிரின் கைத்தொழிலையே மாற்றிவிடுகிறது. நான் படித்த பூச்சியியலில் இதற்கு நிகரான வியப்பு வேறில்லை.

நான்காவது வழி எளிது. பீயஸ் போன்ற குளவிகள் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அவற்றின் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. சிலந்தியின் முட்டைப்பையைத் தேடி நடந்துபோய், ஒரு முட்டைக்குள் தன் ஒரு முட்டையை வைக்கும். நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிவர வேண்டிய பையிலிருந்து குளவிகளும் வெளிவரும்.

உயிரோடு தின்னும் இந்த வழக்கம் சிந்தித்தவர்களை எப்போதும் உறுத்தியிருக்கிறது. டார்வின் 1860இல் அமெரிக்கத் தாவரவியலர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிருள்ள புழுவுக்குள் வளரும் இக்நியூமன் குளவியை அருளாளனான ஒரு கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்று குறிப்பிட்டார். நம் மரபு இதே காட்சியை வேறு கோணத்தில் பார்த்தது. குளவி புழுவைக் கூட்டில் வைத்துக் கொட்டக் கொட்ட, அந்தப் புழு குளவியையே நினைத்து நினைத்துக் குளவியாக மாறிவிடுகிறது என்று கருதினார்கள். குரு மாணாக்கனைத் தன்னைப் போலாக்குவதற்கும், உயிர் இறைவனை நினைந்து அவன் தன்மை பெறுவதற்கும் அது உவமையாயிற்று. சீனர்களிடமும் இதை ஒத்த நம்பிக்கை இருந்தது. குளவி பிற பூச்சியின் புழுவை எடுத்துவந்து தன் பிள்ளையாக வளர்க்கிறது என்று நம்பியதால், தத்துப்பிள்ளையை அந்தப் புழுவின் பெயராலேயே அழைத்தார்கள். 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹொங்ஜிங் என்ற மருத்துவ அறிஞர் கூட்டைத் திறந்து பார்த்து, குளவி தன் முட்டையைத்தான் இடுகிறது, புழு அதன் பிள்ளைக்குத் தீனி என்று எழுதினார். உவமையின் அழகு அப்படியே இருக்கட்டும். கூட்டைத் திறந்து பார்த்தவரின் துணிவும் நம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது என் ஆசை.

இனி தோட்டத்துக்கு வருவோம். குளவி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் வருவது அச்சம். அது நியாயமானதும்கூட. ஆளைக் கொல்லக்கூடிய, மலாயில் ‘தெபுவான்’ எனப்படும் குளவி கூட்டமாக வாழ்வது. கூட்டைக் கலைத்தால் திரண்டு வந்து கொட்டும். இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உயிர்விட்ட தொழிலாளர்களின் செய்தி இன்றும் வந்துகொண்டிருக்கிறது. சிலந்தி பிடிக்கும் குளவிகளோ தனித்து வாழ்பவை. காப்பாற்ற ஒரு படையும் இல்லை, படையைக் கூப்பிடும் கூடும் இல்லை. கையால் பிடித்து நசுக்கினால் தவிர அவை கொட்டுவது அரிது. ஒரே பெயரின் கீழ் இரண்டையும் வைத்து இரண்டின்மேலும் மருந்து அடிப்பது நாம் செய்துவரும் தவறு.

மருந்து அடிப்பதால் என்ன ஆகும் என்பதை மலாயாத் தோட்டங்களே உலகுக்குக் காட்டின. 1960களில் செம்பனையில் பைப்புழு பெருகியது. மலாயில் ‘உலாட் பூங்குஸ்’ எனப்படும் இது, இலைத்துணுக்கால் பை பின்னிக்கொண்டு மட்டையைத் தின்று தீர்க்கும். தோட்டங்கள் கடும் பூச்சிக்கொல்லியை அடிக்க அடிக்கப் புழு குறையாமல் கூடியது. பிரையன் வுட் என்ற பூச்சியியலர் இதை ஆராய்ந்து, மருந்து முதலில் கொன்றது பைப்புழுவுக்குள் முட்டையிடும் குளவிகளைத்தான், தடுப்பார் இல்லாததால்தான் புழு பெருகியது என்று காட்டினார். செம்பனைப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய நூல் 1968இல் வெளிவந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் சபாவின் கொக்கோத் தோட்டங்களில் கோர்டன் கான்வே மருந்தை நிறுத்தச் சொல்லி, புழு அடங்குவதைக் கண்டார்.

அதன் விளைவை இன்று செம்பனைத் தோட்டச் சாலைகளின் ஓரத்தில் பார்க்கலாம். ‘பூங்கா புக்குல் லாப்பான்’ என்று மலாய்க்காரர்கள் சொல்லும் எட்டு மணிப் பூ, கொடி ரோஜா, மஞ்சள் பூக்கும் காசியா ஆகியவற்றை வரிசையாக நட்டிருப்பார்கள். அழகுக்காக என்று பலரும் நினைப்பதுண்டு. வளர்ந்த குளவிக்கு உணவு பூந்தேன். தேன் கிடைத்தால் அது நெடுநாள் வாழும், அதிக முட்டையிடும். பைப்புழுக் குளவிக்கு வைத்த அந்தப் பந்தியில் சிலந்தி பிடிக்கும் குளவியும் உட்காரும், அதன் பிள்ளைகள்தாம் சிலந்தி தின்பவை.

பூ நட்டால் மட்டும் போதாது, தரையில் புல்பூண்டும் வேண்டும். நெகிரி செம்பிலானின் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு நேர் எதிர்க்கரையான ரியாவில், செம்பனைக்கு அடியிலுள்ள செடிகொடிகளை மருந்தடித்து அழித்த இடத்தையும் விட்டுவைத்த இடத்தையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. பெரிய பொன்வலைச் சிலந்தியின் வலைக்குள் குடியிருந்து இரையைத் திருடி வாழும் சிறு சிலந்தி, செடிகொடி குறைந்த இடத்து வலைகளில் குறைந்திருந்தது. பிறரைச் சார்ந்து வாழும் உயிர் முதலில் நலிகிறது என்பதற்கு அது நல்ல சான்று. சிலந்தியைச் சார்ந்த குளவியும் அதே படியில்தான் நிற்கிறது. அதனால்தான் குளவி இருப்பதை நல்ல அறிகுறியாகக் கொள்கிறேன். குளவிக்குப் போதுமான சிலந்தி இருக்கிறது, சிலந்திக்குப் போதுமான பூச்சி இருக்கிறது, இவற்றைத் தாங்கும் செடிகொடி இருக்கிறது என்று பொருள். ஒரு முட்டைப்பையில் நூற்றுக்கணக்கில் குஞ்சு பொரிக்கும் சிலந்தி, சில அறைகளை நிரப்பும் ஒரு குளவியால் அழியாது. எந்த ஒரு வகைச் சிலந்தியும் மிகாமல் குளவி பார்த்துக்கொள்கிறது என்பதே பொருத்தமான மதிப்பீடு.

அந்தப் புல்பூண்டின் கதையில் நம் பெண்களின் கதையும் சேர்ந்திருக்கிறது. முதுகில் தொட்டி சுமந்து பாராகுவாட் களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்றது, தோல் வெந்தது, மூக்கில் இரத்தம் வந்தது என்று அவர்கள் சொன்னதைத் தெனாகனித்தா அமைப்பு 2002இல் அறிக்கையாக்கியது. அந்த ஆண்டே அரசு தடையை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 சனவரி முதல் நாளில்தான் தடை முழுமையானது. மனிதரின் நுரையீரலைக் கெடுத்த மருந்துதான் சிலந்தியும் குளவியும் வாழ்ந்த தரையையும் மொட்டையாக்கியது. இரண்டையும் தனித்தனி வழக்காகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில் பாசோ வனக் காப்பகம் இருக்கிறது. 1970களின் தொடக்கத்திலேயே பன்னாட்டு ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த இடம் அது. 1980களில் மலேசிய வன ஆய்வு நிலையம் அங்கே 50 ஹெக்டரை அளந்து, 800க்கும் மேற்பட்ட மரவகைகளைக் கணக்கெடுத்தது. மூன்று பக்கமும் செம்பனை சூழ நிற்கும் அந்தத் தாழ்நிலக் காட்டின் விளிம்பிலிருந்துதான் குளவிகள் அண்டைத் தோட்டங்களுக்கு மீண்டும் குடிவர முடியும். காட்டின் விளிம்பு உயிரோடு இருந்தால் தோட்டமும் உயிரோடு இருக்கும்.

மறுபக்கம், சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்பாக மாறிவருகின்றன. மண்குளவிக்குச் சுவர் எதுவானாலும் சரி. ஈரமும் சிலந்தியும் கிடைத்தால் புதுக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்திலும் கட்டும். மண்ணைத் தோண்டியும் பட்டைக்கடியில் ஒதுங்கியும் வாழும் பாம்பிலிடேவுக்கும், புதர்வலைச் சிலந்தியின் முதுகிலேறும் குளவிக்கும் அந்த வாய்ப்பு இல்லை. சிமெண்டு போட்ட இடத்தில் அவை முடிந்துபோகும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது மண்கூட்டைக் கண்டால் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை இல்லையென்றால் இன்னும் சில வாரம் விட்டுவையுங்கள், அந்தக் குளவி உங்களைக் கொட்டாது. துளை விழுந்த பழைய கூடுகளில் கொட்டகைப் பக்கம் இருப்பதையாவது சுரண்டாதீர்கள், நீலக் குளவிக்கு அதுவே வீடு. தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை அழைத்துப்போய், காலியான ஒரு கூட்டை உடைத்து உள்ளே எத்தனை அறை, எந்தெந்தச் சிலந்தியின் மிச்சம் என்று எழுதிவைக்கச் செய்யுங்கள். மலேசிய இயற்கைக் கழகம் 2000இல் வெளியிட்ட மர்ஃபி தம்பதியரின் தென்கிழக்காசியச் சிலந்தி நூல் இதற்குத் துணைசெய்யும். அதோடு, இந்தக் குளவிகளைப் பற்றித் தெரிந்த தோட்டத்துப் பெரியவர்களை உட்காரவைத்துக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். பால்மரம் வெட்டிய தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது.